மெடிக்கல் கோடிங்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, இன்சூரன்ஸ் க்ளெய்முக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு போடுவதுதான் மெடிக்கல் கோடிங். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளுக்குக் கோடிங் ஆடிட் பார்க்கிறேன், அதாவது மற்றவர்கள் போட்ட கோடு சரியா என்று. எங்கள் டீமில் பாதிப்பேர் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பிள்ளைகள். பார்மசி, நர்சிங், பயோடெக் படித்துவிட்டு வருகிறார்கள். நான் சேர்ந்த புதிதில் செய்த அதே தவறுகளை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன். எண் மாறிப்போவது, வலது இடது குழம்புவதெல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சந்தேகத்தை நோயாக்குவது

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் முடித்த சார்ட் (நோயாளியின் மருத்துவக் குறிப்பு) என்னிடம் வந்தது. நோயாளி இருமல், காய்ச்சலோடு எமர்ஜென்சிக்கு வந்து அன்றே வீடு திரும்பியவர். டாக்டர் கடைசியில் எழுதியிருந்தது ‘ரூல் அவுட் நிமோனியா’. இவள் நிமோனியாவுக்கான ஜே 18.9 போட்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டால், “அக்கா, டாக்டரே நிமோனியான்னுதானே எழுதியிருக்கார்?” என்றாள்.

அவர் அப்படி எழுதவில்லை. நிமோனியாவா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். அவுட்பேஷன்ட், அதாவது அட்மிட் ஆகாதவரின் சார்ட்டில் ப்ராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட், கன்சிஸ்டன்ட் வித் என்று சந்தேகச் சொற்கள் வந்தால் அந்த நோயைக் கோடு செய்யக் கூடாது. நோயாளி சொன்ன அறிகுறிக்குத்தான் கோடு. இங்கே இருமலும் காய்ச்சலும்.

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. என் முதல் மாதத்தில் நெஞ்சு வலியோடு வந்த ஒருவருக்கு ஈசிஜி, மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை இரண்டும் நார்மல். ‘ரூல் அவுட் எம்ஐ’ என்று எழுதி டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் நெஞ்சு வலிக்கான ஆர் 07.9 போட வேண்டிய இடத்தில் மாரடைப்புக்கான ஐ 21.9 போட்டேன். எங்கோ அமெரிக்காவில் நன்றாக நடமாடும் ஒரு மனிதருக்கு, அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியின் பார்வையில் மாரடைப்பு வந்துவிட்டது. ஆடிட்டர் பிடித்துத் திருத்துவதற்குள் க்ளெய்ம் போயிருந்தது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இன்பேஷன்ட்டுக்கு விதி நேர்மாறு. அட்மிட் ஆனவரின் டிஸ்சார்ஜ் குறிப்பில் ‘ப்ராபபிள் நிமோனியா’ என்று இருந்தால், நோய் இருப்பதாகவே கோடு செய்ய வேண்டும். அதிலும் எச்ஐவி, கோவிட் போன்ற சிலவற்றுக்கு உறுதியானால் மட்டுமே. பயிற்சியில் இரண்டு விதியையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு இங்கே வந்து கலக்கிவிடுகிறார்கள். ஆகவே சார்ட்டைத் திறந்ததும் நோயாளி அட்மிட் ஆனாரா இல்லையா என்று முதலில் பாருங்கள். எமர்ஜென்சியும் அப்சர்வேஷனும் அவுட்பேஷன்ட்தான்.

மருத்துவம் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். பொட்டாசியம் குறைவாக இருப்பதைப் பார்த்ததும் கை தானாக ஹைபோகலீமியா (பொட்டாசியக் குறைபாடு) கோடுக்குப் போகிறது. டாக்டர் அதை எழுதாதவரை அது வெறும் ஒரு எண்.

ஏழாவது எழுத்து

எலும்பு முறிவுக் கோடின் ஏழாவது இடத்தில் வரும் ‘ஏ’ முதல் விசிட்டைக் குறிப்பதல்ல. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்வரை, மூன்றாவது டாக்டர் பார்த்தாலும் ‘ஏ’தான். ஆறிவரும்போது பார்ப்பதற்குத்தான் ‘டி’.

பழைய புத்தகம்

சீனியரின் புத்தகத்தை இரவல் வாங்கிப் படிக்காதீர்கள். நோய்களுக்கான ஐசிடி கோடுகள் ஒவ்வொரு அக்டோபர் 1 அன்றும், சிகிச்சைகளுக்கான சிபிடி கோடுகள் ஜனவரி 1 அன்றும் மாறும். இருமலுக்கு வெறும் ஆர் 05 என்று போடுவது 2021 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

வேலைக்கு முன்பணம்

கொடுக்காதீர்கள்.

சிபிசி தேர்வு

கோடர்களுக்கான சான்றிதழ் தேர்வு இது. 100 கேள்விகள், 4 மணி நேரம். புத்தகம் பார்த்து எழுதலாம் என்பதால் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை, பக்கம் புரட்டவே அது போய்விடும். நேரம் வைத்துப் பழகுங்கள்.

தெரியாமல் போட்டு அனுப்புவது

டார்கெட் முடியவில்லையே என்ற பயத்தில்தான் பலரும் ஊகித்துப் போடுகிறார்கள். சார்ட்டை அனுப்பாமல் ஹோல்டில் வைத்துக் கேளுங்கள். நிமோனியா போட்ட அந்தப் பெண் நேற்று ஒரு சார்ட்டோடு என் சீட்டுக்கு வந்தாள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கன்சிஸ்டன்ட் வித் கிட்னி ஸ்டோன்’. “அக்கா, இவர் அட்மிட் ஆகலை. அப்போ வயித்து வலிதானே போடணும்?”