சோடியத்துக்கு ஆசையெல்லாம் கிடையாது

சோடியம் தன் கடைசி எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கிறது, குளோரின் அதை வாங்கக் காத்திருக்கிறது என்று கல்யாணத் தரகர் மாதிரி சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். தேர்வில் மதிப்பெண் விழும், ஆனால் கணக்குப் போட்டால் உதைக்கும். 1 மோல் சோடியம் அணுக்களிடமிருந்து அந்த ஒற்றை எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு, குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது திரும்பி வருவது 349 தான். நஷ்டம்! அப்புறம் உப்பு எப்படி உண்டாகிறது? எலக்ட்ரானை இழந்த நேர் அயனிகளும் வாங்கிய எதிர் அயனிகளும் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது சுமார் 787 கிலோஜூல் வெளியாகிறது. சோடியத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூறைப் பிளக்கவும் ஆகும் செலவையும் கழித்தால்கூட 411 கையில் நிற்கும்.

சரி, சோடியம் இரண்டாவது எலக்ட்ரானையும் விட்டால் என்ன? அதற்கு 4,562 ஆகும். முதல் எலக்ட்ரானை 11 புரோட்டான்கள் இழுத்தாலும் நடுவில் 10 எலக்ட்ரான்கள் திரையாக நிற்கின்றன. இரண்டாவது உள்கூட்டில், அணுக்கருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்தச் செலவை எந்தப் படிகமும் ஈடுகட்டாது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிரம்பினால் அணு நிம்மதியாகிவிடும் என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அந்த எட்டு என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. அதையே மனப்பாடம் செய்தவருக்குப் போரான் ட்ரைஃபுளோரைடு (போரானைச் சுற்றி 6 தான்) விதிவிலக்காகத் தெரியும்.

பொட்டாசியத்தின் எலக்ட்ரான்களைக் கூடு கூடாக 2, 8, 9 என்று எழுதுவது அடுத்த பிழை. மூன்றாவது கூட்டில் 18 வரை இடம் உண்டுதான், ஆனால் பொட்டாசியத்தில் 3டி-யைவிட (மூன்றாவது கூட்டின் ஓர் உட்பிரிவு) 4எஸ் (நான்காவது கூட்டின் உட்பிரிவு) ஆற்றலில் தாழ்ந்தது, அதனால் 2, 8, 8, 1. சோடியம் போலவே தண்ணீரில் சீறுவதும் அதனால்தான். இதைப் படித்த கையோடு, கடைசியில் நிரம்பியதுதான் முதலில் வெளியேறும் என்று நினைத்து இரும்பில் 3டி-யிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இரும்பு அயனியாகும்போது முதலில் போவது 4எஸ்-இன் இரண்டும்.

தனிம அட்டவணையில் இடம் கொடுக்க வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை மட்டும் எண்ணுவதும் ஆபத்து, அப்படிப் பார்த்தால் இரண்டிலும் 2 என்பதால் ஹீலியம் மக்னீசியத்தின் தங்கை ஆகிவிடும். நிறையை வைத்து வரிசைப்படுத்தினாலோ ஆர்கானும் (39.95) பொட்டாசியமும் (39.10) இடம் மாறி உட்கார்ந்துவிடும், 1913-இல் இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ்-கதிர்களை வைத்து அணு எண்ணுக்கு (அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) ஆதாரம் காட்டியபோதுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

மந்த வாயு எதோடும் சேராது என்பதும் எட்டின் மீதுள்ள அதே பக்திதான். பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்ட வேதியியலாளர் நீல் பார்ட்லெட், ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் மந்த வாயுவான செனானுக்கும் அயனியாக்கும் ஆற்றல், அதாவது எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் செலவு, ஏறக்குறைய ஒன்றே (1,165, 1,170 கிலோஜூல்) என்பதைக் கவனித்தார். அதுக்கு முடிந்தால் இதுக்கும் முடிய வேண்டுமே! 1962-இல் பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளோரைடு ஆவியையும் செனானையும் கலந்தார், அறை வெப்பநிலையிலேயே மஞ்சளாக ஒரு திண்மம் படிந்தது.