ஃபிகோவா, ஐ20-யா? டீசல் காரின் பிக்கப்பை நீங்களே அளந்து பார்ப்பது எப்படி

பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்கக் கிளம்புகிறவர்களில் பலர் கடைசியில் ஃபோர்டு ஃபிகோ 1.5, ஹூண்டாய் எலீட் ஐ20 1.4 என்ற இரண்டில் வந்து நிற்பார்கள். அடுத்து எதில் பிக்கப் அதிகம் என்று கேட்டால், பதில் சொல்கிறவர் உடனே 0-100 (நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட) எத்தனை வினாடி என்று ஆரம்பித்துவிடுவார். அந்த எண்ணை முதலில் ஓரமாக வையுங்கள். கிளட்சை எப்படி விட்டார்கள், டயர் எவ்வளவு சுழன்றது, 100-ஐத் தொடுவதற்குள் எத்தனை முறை கியர் மாற்ற வேண்டியிருந்தது என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது ஒரு லாரியின் பின்னால் 60-இல் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தால் வண்டி எப்படிக் கிளம்புகிறது என்பதுதான்.

காகிதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். 4 மீட்டருக்குள் நீளம், 1500 சிசிக்குள் டீசல் என்றால் வரி குறைவு என்பதால் எல்லா கம்பெனியும் அந்த வரம்புக்குள்ளேயே வண்டி செய்தன. ஃபிகோவில் 100 பிஎஸ் (குதிரைத்திறன்), 215 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் சுழற்று விசை), அது 1750 முதல் 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) வரை. ஐ20-இல் 90 பிஎஸ், 220 நியூட்டன் மீட்டர், 1500 முதல் 2750 வரை. ஆக 1750-க்கும் 2750-க்கும் நடுவில் டார்க் வித்தியாசம் வெறும் 5, அதாவது நூற்றுக்கு இரண்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 100 பிஎஸ், 90 பிஎஸ் என்று அடித்துக்கொள்கிறார்களே, அந்த 10 பிஎஸ் முழுசாகத் தெரிய 4000 ஆர்பிஎம் பக்கம் போக வேண்டும், டீசலில் தினசரி யாரும் அங்கே போவதில்லை.

அப்போது எதுதான் வித்தியாசம் காட்டும்? எடையும் கியரும். எடை ஆர்சியிலேயே இருக்கிறது, 'அன்லேடன் வெயிட்' (காலி வண்டியின் எடை) என்ற இடத்தைப் பாருங்கள், இரண்டில் ஃபிகோதான் லேசு. கியரில் ஒரு பொறி உண்டு: ஃபிகோவுக்கு 5 கியர், ஐ20-க்கு 6, அதனால் "நான்காம் கியரில் 60-100" என்று இரண்டையும் ஒப்பிட்டால் நியாயமே இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் 60-இல் சீராகப் போகும்போது எந்த கியரில் ஆர்பிஎம் எவ்வளவு என்று பக்கத்தில் இருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் டார்க்கை அந்த ஆர்பிஎம்மால் பெருக்கி, ஆர்சி எடையோடு ஆட்கள் எடையையும் சேர்த்து அந்த மொத்தத்தால் வகுத்தால் வரும் எண்ணில் எது பெரிதோ அதற்கு இழுவை அதிகம். கியர் விகிதம், டயர் அளவு எதுவும் தேட வேண்டாம், 60-இல் எத்தனை ஆர்பிஎம் என்பதிலேயே அதெல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் ஆர்பிஎம் 1750-க்கு மேல் இருக்கும் கியராகப் பாருங்கள், அதற்குக் கீழே டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) முழுசாக எழுந்திருக்காது என்பதால் கணக்கு பொய்யாகிவிடும்.

இனி ரோட்டில். ஸ்பீடோமீட்டரை நம்பாதீர்கள். அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பதுதான் பல நாடுகளில் விதி. நிஜத்தில் 100 என்றால் முள் 114 வரை காட்டினாலும் ஐ.நா. விதிமுறை 39-இன்படி தப்பில்லை. ஃபோன் ஜிபிஎஸ் பொதுவாக வினாடிக்கு ஒரு முறைதான் வேகத்தைப் புதுப்பிக்கும், அரை வினாடி வித்தியாசத்தைப் பிடிக்க அது போதாது. வினாடிக்கு பத்து முறை அளக்கும் ஜிபிஎஸ் கருவி கையில் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பலமுறை ஓட்டி சராசரி எடுங்கள்.

சாலையின் சாய்வுதான் பலரை ஏமாற்றுவது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் 60-100-க்கு 10 வினாடி எடுக்கும் காரில் அது மட்டுமே கிட்டத்தட்ட ஒரு வினாடியைத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு காரையும் அதே சாலையில் போகும்போதும் வரும்போதும் ஓட்டி சராசரி பாருங்கள், எதிர்க்காற்றுக்கும் அதுவே மருந்து. ஏசி ஆஃப், கண்ணாடி மேலே, டயர் காற்று சரியாக, எஞ்சின் நன்றாகச் சூடாகி, இரண்டிலும் அதே ஆட்கள். ஒரு ஆள் கூட ஏறினாலே அரை வினாடிக்கு மேல் மாறும். ஒன்றை விடியற்காலையிலும் மற்றதை மே மாத மதியத்திலும் ஓட்டி ஒப்பிடாதீர்கள். இடம் பற்றியும் ஒரு வார்த்தை: ஈசிஆர் காலையில் காலியாகத்தான் தெரியும், நாயும் சைக்கிளும் எங்கிருந்து வரும் என்று தெரியாது. நாலு வழிச் சாலையில் 100 வரம்புக்குள் முடித்துக்கொள்ளுங்கள், 0-100 பார்த்தே தீர வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டை மாதிரி ட்ராக்குக்குப் போங்கள்.

ஒவ்வொரு காரிலும் இரண்டு விதமாக ஓட்டுங்கள். முதலில் 60-இல் சீராகப் போய், மிதித்த நொடியிலிருந்து 100 வரை. பிறகு அதே கியரில் 50-இலிருந்தே முழுசாக மிதித்து, 60-ஐத் தாண்டும்போது மட்டும் கடிகாரத்தைத் தொடங்குங்கள். இரண்டாவதில் டர்போ ஏற்கெனவே எழுந்துவிட்டதால் சுத்தமான இழுவை மட்டும் தெரியும். முதல் நேரத்திலிருந்து இதைக் கழித்தால் மிச்சம் டர்போ லேக், அதாவது மிதித்த பிறகு டர்போ எழுந்திருக்க எடுக்கும் தாமதம்.

இதை ஏன் தனியாகப் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், 10 வினாடி எடுக்கும் காரும் 9.5 எடுக்கும் காரும் ஒன்றாகக் கிளம்பினால் கடைசியில் இடைவெளி சுமார் 2.5 மீட்டர்தான், பாதி காரைவிடக் கொஞ்சம் அதிகம் என்று வையுங்கள். ஆனால் இழுவை சமமாக இருந்து ஒன்று மட்டும் அரை வினாடி தாமதமாக எழுந்தால் அது 5 மீட்டருக்கு மேல் பின்தங்கும், ஒரு முழு காரைவிட அதிகம். லாரியை முந்தும்போது இதுதான் பயத்தைக் கொடுக்கும். என்னைக் கேட்டால், இழுவையில் அரை வினாடி தோற்றாலும் லேக் குறைந்த வண்டியைத்தான் எடுப்பேன்.

பழைய வண்டியில் இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. கியர் மாற்றாமல் போகும்போது ஆர்பிஎம்மும் வேகமும் கூடவே ஏற வேண்டும், 60-இல் 1800 என்றால் 80-இல் 2400. மிதித்ததும் ஆர்பிஎம் மட்டும் குதித்து வேகம் அப்படியே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஆர்பிஎம் சரியாக ஏறியும் இழுவை செத்திருந்து பின்னால் கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.