கவச நாயகர்களின் பெரிய உருவங்கள்: தரம் பார்த்து வாங்குவதும் பேணுவதும்

அயர்ன் மேன் போன்று திரைப்படங்களில் கவசம் அணிந்து வரும் நாயகர்களின் பெரிய பொம்மை உருவங்களை வாங்க விரும்புவோர் முதலில் மயங்குவது பளபளப்பிலும் பாரத்திலும்தான். இவ்விரண்டையும் வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது. ஓர் உருவத்தின் தரம் அதன் மூட்டுகளிலும் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் விளிம்புகளிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வெக்கையில் ஓரிரு கோடைகளைக் கடந்த பின்னர், நல்ல வேலைப்பாட்டையும் மலிவான வேலைப்பாட்டையும் பிரித்துக் காட்டுபவையும் அவையே.

வாங்குவதற்கு முன்னர் அளவைத் தீர்மானித்துவிடுங்கள். ஆளின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட அயர்ன் மேன் உருவம் ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர் உயரம் இருக்கும். நான்கில் ஒரு பங்கு என்றால் அரை மீற்றரை எட்டிவிடும். 2015ஆம் ஆண்டு ‘அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ திரைப்படத்தில் அயர்ன் மேன் தன் கவசத்தின் மேல் அணிந்த ஹல்க்பஸ்டர் என்னும் பெருங்கவசமோ ஆறில் ஒரு பங்கு அளவிலேயே 55 சென்ரிமீற்றர் அளவுக்கு வளர்ந்து நிற்கும். அலுமாரித் தட்டின் உயரத்தை அளக்கும்போது உருவத்தின் உயரத்தை மட்டும் கணக்கிடாமல், உயர்த்திய கையையும் விரித்த தோளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எந்தக் கவசத்தை வாங்குவது என்பதிலும் கட்டுப்பாடு தேவை. 2013இல் வெளிவந்த மூன்றாவது அயர்ன் மேன் படத்தில் மட்டும் மார்க் 8 முதல் மார்க் 42 வரை எண்ணிட்ட முப்பத்தைந்து புதிய கவசங்கள் அறிமுகமாயின. எல்லாவற்றையும் துரத்துபவரிடம் இறுதியில் நடுத்தரமான உருவங்களே குவியும். இரண்டு மூன்றை நன்கு தெரிந்து வாங்குவதையே நான் எவருக்கும் பரிந்துரைப்பேன்.

பெட்டியில் ‘டைகாஸ்ட்’ என்று எழுதியிருந்தால், உருகிய நாக (துத்தநாக) உலோகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி வார்த்த பாகங்கள் உள்ளே இருக்கின்றன என்று பொருள். உருவம் முழுவதும் உலோகம் என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பெரும்பாலானவற்றில் சில தகடுகளும் உட்சட்டகத்தின் சில பகுதிகளும் மட்டுமே உலோகமாக இருக்க, மற்றவை ஏபிஎஸ், பிவிசி வகைப் பிளாஸ்டிக்குகளாகவே இருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்பதால் உலோகமில்லை என்று முடிவு செய்வோர் உண்டு; நாகக் கலவையில் காந்தம் ஒட்டாது. தொட்டால் சில்லென்று இருப்பதும், நகத்தால் தட்டினால் எழும் இறுகிய ஒலியும் நம்பத்தக்க அடையாளங்கள். அதைவிட முக்கியமானது அந்த உலோகம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது. பாதத்திலும் கெண்டைக்காலிலும் இருக்கும் உலோகம் உருவத்தை நிலத்தில் ஊன்றி நிறுத்தும். மார்பிலும் தோளிலும் இருக்கும் உலோகமோ, கீழே உள்ள மூட்டு அதைத் தாங்குமளவுக்கு உறுதியாக இல்லாவிட்டால், நாளடைவில் உருவத்தையே கவிழ்க்கும். தோளில் துப்பாக்கி சுமக்கும் வார் மெஷின் என்னும் மற்றொரு கவச நாயகரின் உருவத்தை வாங்குவோர் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும்.

ஆகவே சோதனையைக் கணுக்காலில் தொடங்குங்கள். ஒரு கையால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாதத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெதுவாக அசைக்கும்போது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவான எதிர்ப்பு கைக்குத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் இறுகி மறு இடத்தில் தளரும் மூட்டு ஏற்கனவே தேயத் தொடங்கிவிட்டது. முழங்காலிலும் தோளிலும், திருப்பும்போது ‘கிளிக்’ என்று படிப்படியாக நிற்கும் பற்சக்கர மூட்டு இருந்தால், வெறும் உராய்வினால் நிற்கும் மூட்டைவிட அதுவே பாரமான உருவத்துக்கு ஏற்றது. பின்னர் எந்தத் தாங்கியும் இல்லாமல், ஒரு காலைச் சற்று முன்வைத்த நிலையில் உருவத்தைத் தட்டையான தரையில் நிறுத்தி, தலைக்கு நேரே சுவரில் ஒரு பென்சில் கோடு இட்டுவிட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். தலை அக்கோட்டைவிட்டு விலகியிருந்தால் இடுப்போ கணுக்காலோ பாரத்தைத் தாங்கவில்லை. கடையில் இச்சோதனைக்கு இடமில்லை என்பதால், மாற்றித் தரும் காலம் எவ்வளவு என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

விளிம்புகளைப் பார்ப்பதற்குக் கன்னாதிட்டி நகை வேலையாளர்கள் கண்ணில் வைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியே போதும். மார்பின் நடுவிலுள்ள ஒளி வட்டத்திலிருந்து இடப்புறமும் வலப்புறமும் பிரியும் கோடுகளை ஒப்பிட்டு, இடைவெளி இரு பக்கமும் ஒரே அகலத்தில் ஓடுகிறதா என்று நோக்குங்கள். சிவப்புத் தகடு பொன்னிறத் தகட்டைச் சந்திக்கும் இடத்தில் நிறம் ஒரு மயிரளவு கூட வழிந்திருக்கக்கூடாது. நல்ல சிவப்பு பெரும்பாலும் வெள்ளி நிற அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பைப் படியவைத்துப் பெறப்படுகிறது. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் ஆழத்திலிருந்து மினுங்கும். தோடம்பழத் தோல்போலச் சிறு குழிகள் தெரிந்தால் பூச்சு ஒழுங்காகப் பரவவில்லை. அக்குள், முழங்கையின் உட்புறம், தொடை இடுக்கு ஆகியவற்றை மடக்கிப் பார்ப்பதும் அவசியம்; தகட்டுடன் தகடு உரசுகின்ற இவ்விடங்களில் புதிய உருவத்திலேயே வெள்ளைக் கீறல் இருந்தால், வடிவமைப்பிலேயே இடைவெளி போதாது என்று அறியலாம். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு கையில் தட்டுப்படுவதும் அவசர வேலைக்குச் சான்று.

கண், மார்பு, உள்ளங்கை ஆகியவற்றிலுள்ள எல்ஈடி விளக்குகளை இருட்டில் எரியவிட்டு, இரு கண்களும் ஒரே அளவு ஒளிர்கின்றனவா, தகட்டு இடுக்குகளால் ஒளி கசிகிறதா என்று பாருங்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் 1.5 வோல்ற் பொத்தான் பற்றரிகளே பயன்படுகின்றன; எல்ஆர்41 என்பதும் ஏஜி3 என்பதும் ஒரே அளவுதான். காட்சிக்கு வைக்கும் காலத்தில் அவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். கசிந்த பற்றரி விட்டுச்செல்லும் வெண்மையான படிவு தொடுகம்பிகளை அரித்துவிடும். ஆரம்பத்திலேயே கண்டால் வினாகிரி தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்கு உலரவிட்டுக் காப்பாற்றலாம்.

நம் ஊரில் பேணுவதற்கு வெயிலும் உப்புக் காற்றும் தனிக் கவனம் கேட்கின்றன. தகரக் கூரை அறையிலும் மேற்கு யன்னலுக்கு எதிரிலும் வைத்த உருவத்தில், மென்மையான பிவிசி பாகங்களிலிருந்து நெகிழ்ச்சிப் பொருள் மேற்பரப்புக்கு வந்து பிசுபிசுக்கும். காற்றுப் புகாத பெட்டிக்குள் நெடுங்காலம் அடைத்து வைத்தாலும் அதுவே நடக்கும். கண்ணாடி அலுமாரியின் பின்பலகையில் சிறு துளையிட்டுக் காற்றோட்டம் விடுங்கள். கடலோரத்துக் குருநகர், பண்ணைப் பக்கம் வசிப்போர், மாரி மழையும் வாடைக்காற்றும் சேரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளை உள்ளே வைத்து, திருகாணித் தலைகளில் துரு பிடிக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். தூசிக்கு மென்மையான ஒப்பனைத் தூரிகை போதும். ஈரத் துணி வேண்டாம்.

இங்கு இத்தகைய உருவங்கள் கொழும்பு வழியாகவோ, ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினரின் பயணப் பெட்டியிலோதான் பெரும்பாலும் வந்து சேர்கின்றன. சொல்லி அனுப்பும்போது, வெளிப்புறக் கடதாசிப் பெட்டியையும் உருவம் பதிந்து இருக்கும்படி உள்ளே வைத்த வார்ப்புத் தட்டையும் எறிய வேண்டாம் என்று மறவாமல் கூறுங்கள். அந்தத் தட்டின்றிப் பயணித்த உருவத்தின் விரல்களும் கொம்பு முனைகளும் முறிவது வழமை. மாற்றுக் கைகளைப் பொருத்தும்போது மணிக்கட்டு ஆணி இறுகியிருந்தால், திருகி இழுக்காமல், தலைமயிர் உலர்த்தியால் சிறிது இளஞ்சூடாக்கி நேராக இழுக்க வேண்டும். பழைய உருவம் ஒன்றை வாங்குவதானால் படங்களை நம்பாமல், ஒவ்வொரு மூட்டையும் அசைத்துக் காட்டும் காணொளியையும், இருட்டில் விளக்கு எரியும் காணொளியையும், பற்றரி அறையைத் திறந்து காட்டும் காணொளியையும் கேளுங்கள். இம்மூன்றையும் அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம் எவ்வளவு குறைந்த விலையாயினும் பணம் அனுப்ப வேண்டாம்.