தாத்தாவின் குரலும் படங்களும்: எதை முதலில் காப்பாற்றுவது

தாத்தா போன பிறகு எல்லோரும் முதலில் எடுப்பது ஆல்பத்தைத்தான். அது இன்னும் சில மாதம் அலமாரியிலேயே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அவசரமெல்லாம் அவருடைய போனில்தான்.

சிம்மை உடனே ரத்து செய்யாதீர்கள். அவருடைய கணக்குகளைத் திறக்கும் ஓடிபி பெரும்பாலும் அந்த எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் நீண்ட நாள் விட்டால் எண் வேறொருவர் கைக்குப் போகலாம். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் சும்மா கிடந்தால் பொதுவாக நீக்கப்படும். கூகுள் கணக்குக்கு 2 ஆண்டு. பூட்டு எண் தெரியாவிட்டால் குத்துமதிப்பாக அடித்துப் பார்க்க வேண்டாம். சில போன்களில், தவறு எல்லை மீறினால் உள்ளே இருப்பது அனைத்தும் அழிந்துவிடும்.

அவர் அனுப்பிய குரல் செய்திகள் மற்றவர்களின் போன்களிலும் இருக்கும். பேரப்பிள்ளைகள் எல்லோரும் அவரவர் போனில் தாத்தாவின் சாட்டைத் திறந்து, மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்யட்டும். நீளமான சாட் என்றால் பழைய பதிவுகள் விடுபடும். சரிபார்த்து, விடுபட்டதைத் தனியாக எடுங்கள். கோப்புகள் ஓபஸ் வடிவில் வரும். கணினியில் திறக்கவில்லை என்றால் கெட்டுப்போனதாக நினைத்து அழித்துவிடாதீர்கள், விஎல்சி பிளேயரில் ஓடும். பழைய கேசட் இருந்தால், போடுவதற்கு முன் அதன் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தக்கைகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் குரல் அழியாது.

அடுத்த அவசரம், படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள். பாட்டியிடம் “தாத்தா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “நல்ல மனுஷர்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். படத்தை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, “இதை யார் எடுத்தது? அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள்?” என்று கேளுங்கள். போனில் பதிவு ஓடட்டும். ஒரே மூச்சில் எல்லாப் படங்களையும் முடிக்கப் பார்க்காதீர்கள். அரை மணி நேரம் போதும், அலுப்பு வந்தால் பெயர்கள் குழம்பும்.

பெயர்களைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால், விளிம்போரம், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் விழச் செய்யும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும்.

ஸ்கேன் செய்ய, அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. மூலப்பிரதி, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் இருக்கட்டும். உறவினர்களுக்கு அனுப்ப ஜேபெக் போதும். கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்குங்கள் (1974_தாத்தா_தம்பி_கிணற்றடி), தானாகவே வரிசையாக நிற்கும். ஆண்டு தெரியாவிட்டால் ‘1970கள்’ என்று போடலாம், ஊகத்தை உறுதிபோல் எழுதுவதைவிட அது மேல். மூன்று பிரதிகள் வேண்டும். குறைந்தது ஒன்று வேறு வீட்டில்.

பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தை நகத்தால் பெயர்க்கக் கூடாது. பல் இடுக்கில் இழுக்கும் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டிய படமும் அப்படித்தான்: இழுத்தால் முகமே கண்ணாடியோடு நின்றுவிடும்.

லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் ஏறியபின் பிரிக்க வழியில்லை. கிழிந்த கடிதத்துக்கு செலோடேப்பும் வேண்டாம். பழுப்பேறி எழுத்தைத் தின்னும். படங்களையும் கடிதங்களையும் அமிலமில்லாத காகித உறையில், ஈரமும் வெயிலும் படாத உள்ளறை அலமாரியில் வையுங்கள்.