புது கோல்ஃப் மட்டை வாங்கும் முன்: ஊட்டியில் ஆடத் தொடங்குபவர்களுக்கு

வருடம் பிறந்தால் போதும், டெய்லர்மேட், கேலவே போன்ற கம்பெனிகளின் புது டிரைவர் (மிகத் தூரம் அடிக்க எடுக்கும் பெரிய தலை மட்டை) வந்துவிடும். பிங்கர்போஸ்ட் மைதானத்தில் புதிதாக ஆட வருபவர்கள் போனை நீட்டி, “அண்ணா, இது இன்னும் தூரம் போகுமாமே, வாங்கலாமா?” என்பார்கள். வாங்கலாம். ஆனால் முதலில் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

படி 1: லாஃப்ட்

மட்டையின் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் லாஃப்ட். கம்பெனியின் இணையதளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் அட்டவணை இருக்கும். அதில் 7 அயர்ன் வரியைத் தேடுங்கள் (அயர்ன் என்பது உலோகத் தலை மட்டை; எண் கூடக் கூட சாய்வும் கூடும், தூரம் குறையும்). முன்பெல்லாம் 34, 35 டிகிரி சாதாரணம். தூரத்துக்கென்றே வரும் இன்றைய செட்டுகளில் அது 28, 29 டிகிரி. பழைய செட்டில் 5 அயர்னுக்கு இருந்த சாய்வு கிட்டத்தட்ட இதுதான். அடியில் எண் மட்டும் 7!

பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் ஊன்றி, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பழையது வானத்தைப் பார்க்கும், புதியது நிமிர்ந்து நிற்கும். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். எடையை அடிப்பகுதிக்கு இறக்கியிருப்பதால் அந்தச் சாய்விலும் பந்து நன்றாகவே எழும்பும். ஆனால் பிட்சிங் வெட்ஜும் (கிட்டத்தில் இருந்து உயரத் தூக்கி அடிக்கும் மட்டை) 43 டிகிரிக்கு வந்துவிடுகிறது. அடுத்து உங்களிடம் இருப்பது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் (மணல் குழியில் இருந்து அடிக்கும் மட்டை) என்றால் நடுவே பெரிய இடைவெளி. அதை நிரப்ப இன்னொரு வெட்ஜுக்கும் பணம் எடுத்து வையுங்கள்.

படி 2: மலைக்காற்று

ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடுக்கும் காற்று குறைவதால் பந்து தூரம் போகும். தூக்கிவிடும் காற்றும் குறைவதால் தாழ்வாகவும் போகும். அதனால் 9 டிகிரி டிரைவர் வேண்டாம், 12 எடுங்கள். இங்கே அடித்த தூரத்தைக் கோயம்புத்தூரில் எதிர்பார்க்காதீர்கள்.

படி 3: பந்து

டைட்டிலிஸ்ட் ப்ரோ வி1 போன்ற யூரித்தேன் என்ற மென்மையான உறை போட்ட பந்துகள் கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) சட்டென்று நிற்கும், விலையும் அதிகம். இரண்டு அடுக்குப் பந்தின் உறை கெட்டியானது, சீக்கிரம் கிழியாது. ஒரு ரவுண்டில் நாலைந்து பந்தைப் புதரில் விடுகிற நாட்களில் அதுவே போதும். ஒரே மாடலை வைத்துப் பழகுங்கள், கைக்கு அது பிடிபடும்.

படி 4: விதி

டிரைவர் தலையின் கொள்ளளவு 460 சிசிக்கு (கன சென்டிமீட்டர்) மேல் கூடாது. பந்து 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பையில் 14 மட்டைகள் வரை அனுமதி. தொடங்குபவருக்கு ஏழே தாராளம்.

படி 5: அடித்துப் பார்ப்பது

நண்பரிடம் புது மட்டையை ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஒரே மாடல் பந்தில் பத்து பழையதில், பத்து புதியதில், மாற்றி மாற்றி அடியுங்கள். மிகத் தூரம் போன ஒன்றை விடுங்கள், எத்தனை நேராகப் போயின என்று எண்ணுங்கள். இரண்டையும் ஒரே வேளையில் அடித்துப் பார்க்க வேண்டும், ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியத்திலும் அல்ல. காலைப் பனியில் நனைந்த புல்லில் பந்து உருளாது, மதியம் அதே அடி பல அடி கூடுதலாக ஓடும்.