ஏரிக்கரையைக் காக்கக் கிளம்புபவர்கள் சறுக்கும் இடங்கள்

சென்னைப் புறநகரில் ஒரு காலி நிலத்தில் பொக்லைன் இறங்கினால் அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடுகிறது. அடுத்த வாரம் பேனர், மனிதச் சங்கிலி, கலெக்டரிடம் மனு. ஒரு வருடம் கழித்து அதே இடத்தில் மாடல் பிளாட் திறப்பு விழா. ஊர் ஒன்றுசேரவில்லை என்று அப்போது புலம்புவார்கள். ஊர் சேர்ந்துதான் இருக்கும். மனு போன அலுவலகம் தவறு, சொன்ன சட்டம் தவறு, போன நேரம் கெடு முடிந்த பிறகு.

சறுக்கல் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. 'பசுமை நிலம்', 'பசுமை வளையம்' என்று மனுவில் எழுதுகிறார்கள். சென்னைப் பெருநகருக்கு 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் திட்டம்) அப்படி ஒரு வகையே கிடையாது. விவசாயப் பகுதி, நகர்ப்புறமல்லாத பகுதி, திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்குப் பகுதி ஆகியவை உண்டு. செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, தென்சென்னைக் கடலோர நிலத்தடி நீர்ப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போன்றவை கட்டுப்பாட்டுப் பகுதிகள். உங்கள் நிலம் இதில் எது என்று தெரியாமல் எழுதும் மனுவை அதிகாரி ஒரே வரியில் முடித்துவிடுவார்: 'பட்டா நிலம், விதிகளின்படி பரிசீலிக்கப்படும்.'

ஆகவே பேனருக்கு முன் புல எண். அதுவும் வருவாய் கிராமத்தின் பெயரோடு. வாயில் வரும் ஊர்ப் பெயரும் பதிவேட்டில் இருக்கும் பெயரும் பல இடங்களில் ஒன்றல்ல. துரைப்பாக்கம் என்று நாம் சொல்வது பதிவேட்டில் ஒக்கியம் துரைப்பாக்கம். நகர நில அளவை முடிந்த இடங்களில் பழைய புல எண் செல்லாது. பிளாக், வார்டு, டி.எஸ். எண் வேண்டும். இரண்டையும் குறிப்பிடுங்கள். அரசின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு) விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். அந்த வரியில் வகைப்பாடு என்ன என்பதுதான் விஷயம்: ரயத்துவாரியா (தனியார் பட்டா), சர்க்கார் புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஏரியா, ஓடையா, மேய்ச்சலுக்கான மேய்க்காலா, சதுப்பான கழுவெளியா. கணினியில் உள்ளதோடு நின்றுவிடாதீர்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த 1980களின் யு.டி.ஆர். அளவைக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் கிராம வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். பழையதில் 'ஏரி' என்றும் புதியதில் 'தரிசு' என்றும் இருந்தால், ஆயிரம் கையெழுத்தைவிட அந்த இரண்டு தாள்கள் கனமானவை.

எந்தச் சட்டம், எந்த வாசல்

இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் வழுக்குகிறார்கள். ஏரி என்றால் ஈரநிலம், ஈரநிலம் என்றால் 2017 ஈரநில விதிகள் என்று நேராக எழுதிவிடுகிறார்கள். அந்த விதிகளின் வரையறையே பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை விலக்கி வைக்கிறது. நம் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்கு வெட்டியவை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது முதல் நாளே கிடைக்கும் லட்டு. பொதுப்பணித் துறையிடம் இருந்து இப்போது நீர்வளத் துறையிடம் உள்ள ஏரி என்றால், 2007ஆம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைப் பிடியுங்கள். எல்லையை அளந்து கல் நடும் கடமையை அது அதிகாரி மேல் வைக்கிறது.

பள்ளிக்கரணை கதை வேறு. அது 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த 1,247 ஹெக்டேர் சதுப்பு. ஈரநில விதிகள் அங்கே நேரடியாகப் பொருந்தும். சதுப்பின் 'தாக்க மண்டலம்' எதுவரை என்று வரையறுக்கும் வரை எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சிஎம்டிஏ) உத்தரவிட்டது. வேறு எங்கோ உள்ள ஒரு குட்டைக்கு இதே உத்தரவை மேற்கோள் காட்டினால் எடுபடாது.

தீர்ப்பாயத்துக்குப் போவதிலும் ஒரு பொறி உண்டு. நீர்ச் சட்டம், வனப் பாதுகாப்புச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று அதன் அட்டவணையில் உள்ள ஒரு சில சட்டங்களின் கீழ் எழும் கேள்விகளைத்தான் அது விசாரிக்கும். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் வனவிலங்குச் சட்டமும் அந்த அட்டவணையில் இல்லை. நில உபயோக மாற்றம் மட்டுமே உங்கள் குறை என்றால் அதற்கு வாசல் உயர் நீதிமன்ற ரிட். கெடுவும் கறாரானது: பொதுவான மனுவுக்கு வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தக்க காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள், அதற்கு மேல் சலுகையாக 60 நாள். தொண்ணூற்றோராவது நாள் தீர்ப்பாயமே நினைத்தாலும் ஏற்க முடியாது. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். பணத்துக்காக யாரும் தாமதிக்க வேண்டியதில்லை.

வராத கூட்டத்துக்குக் காத்திருப்பது

'கருத்துக்கேட்புக் கூட்டம் வரும், அங்கே பேசிக்கொள்ளலாம்' என்று பல சங்கங்கள் சும்மா இருந்துவிடுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அப்படி ஒரு கூட்டம் வராது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. ஆனால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கை கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கலந்தாய்விலிருந்தே விலக்கு தந்திருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் விண்ணப்பம் ஏறும்போதே மாநில மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். விண்ணப்பத்தோடு உள்ள வரைபடத்தில் பக்கத்து ஓடை விடுபட்டிருக்கிறதா, 'அருகிலுள்ள நீர்நிலை' என்ற இடத்தில் எத்தனை மீட்டர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பொய் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.

மக்களிடம் உண்மையில் கருத்துக் கேட்கும் ஒரே இடம் நில உபயோக மாற்றத்துக்கான பத்திரிகை விளம்பரம். இரண்டு நாளிதழ்களில், உள்பக்கத்தில், விரலளவு கட்டத்தில் வரும். புல எண், 'விவசாயப் பகுதியிலிருந்து ஆதாரக் குடியிருப்புப் பகுதியாக', ஆட்சேபம் தெரிவிக்க நாட்கள். பெரும்பாலும் 21 நாள். சங்கத்தில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு இதைத் தினமும் பார்க்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே கடிதத்தை 300 பேர் நகலெடுத்து அனுப்புவது வீண். கோப்பில் அது ஒரே ஆட்சேபமாகத்தான் எண்ணப்படும். வெவ்வேறு விஷயம் சொல்லும் பத்துக் கடிதங்கள் போதும்: ஒன்று கலங்கல் (ஏரியின் உபரி நீர் வெளியேறும் இடம்) நீர் போகும் திசை, இன்னொன்று சாலையின் அகலம், மற்றொன்று பழைய பதிவேடு. 'எங்கள் நுரையீரலைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதினால் பதில் எழுத அவர்களுக்கு எதுவும் இருக்காது. 'இந்தப் புல எண்ணின் வடக்கு எல்லையில் கிராம வரைபடம் காட்டும் வரத்துக் கால்வாய் விண்ணப்ப வரைபடத்தில் இல்லை' என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சிஎம்டிஏ அலுவலகம் உள்ள எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள்.

தண்ணீர் படம்

நீர்ப்பரப்பை மட்டும் காப்பாற்றினால் ஏரி பிழைக்காது. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைகிறது. நடுவில் ஒரு வரத்துக் கால்வாய் பட்டா நிலத்தில் தூர்ந்தால் ஒரு பக்கம் ஏரி வறளும், மறுபக்கம் தெரு மூழ்கும். கட்டுமானத்துக்கு வெள்ள நோக்கில் ஆட்சேபம் இல்லை என்று நீர்வளத் துறை தந்த வெள்ளத் தடையின்மைச் சான்றைத் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். 10 ரூபாய், 30 நாள். சான்றைவிட அதிலுள்ள நிபந்தனைகள் முக்கியம்: எவ்வளவு உயரம் மண் நிரப்பலாம், வடிகால் எத்தனை மீட்டர் அகலம் என்று இருக்கும். களத்தில் டேப் வைத்து அளந்தால் வழக்கே கிடைத்துவிடும். முதல் பதிலிலேயே 'கோப்பு இல்லை' என்று வந்தால் விட்டுவிடாமல் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள்.

ஏப்ரலில் எடுத்த படத்தில் எந்தச் சதுப்பும் மைதானம் மாதிரிதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் எடுங்கள்: ஒரே இடத்தில் நின்று, ஒரே மின்கம்பம் படத்தில் தெரியும்படி, மழை விட்ட மறுநாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி தேதியையும் இடத்தையும் இழந்திருக்கும். எடுத்த போனிலேயே மூலக் கோப்பு இருக்கட்டும். நீதிமன்றத்தில் வைக்கும்போது 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழில் எடுத்தவர் கையெழுத்திட வேண்டும். ஆகவே படம் எடுப்பவர் பின்வாங்காத ஆளாக இருப்பது நல்லது.

சொந்த வீட்டுக் குப்பை

மனைப்பிரிவில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் 10 சதவீதம் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் செய்தே தீர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை பணமாகவும் கட்டலாம். அங்கீகரித்த வரைபடத்தில் 'பூங்கா' என்று இருக்கும் மனையைப் பல வருடம் கழித்து யாராவது விற்கும்போது சங்கம் கொதித்தெழும். நியாயம்தான். ஆனால் அதே பூங்காவில் சங்க அலுவலகம், பிள்ளையார் கோயில், இரண்டு வரிசைக் கார் நிறுத்தம் என்று நாமே போட்டுவைத்திருந்தால் நீதிபதியின் முதல் கேள்வி அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். வழக்குக்கு முன் காலி செய்யுங்கள்.

மற்றவை சிறியவை, ஆனால் கவிழ்க்கக் கூடியவை. ஆதாரம் இல்லாமல் கட்டுமான நிறுவனத்தை 'கொள்ளைக்காரன்' என்று பேனரில் எழுதினால் அவதூறு வழக்கில் நீங்கள் எதிரியாவீர்கள். புல எண்ணையும் மீறலையும் எழுதுங்கள், போதும். மாநகரக் காவல் சட்டப்படி ஆர்ப்பாட்டத்துக்கு 5 நாள் முன்பே கடிதம் கொடுங்கள். சங்கத்தின் பெயரில் வழக்கு என்றால் யார் கையெழுத்திடலாம் என்று நிர்வாகக் குழுவின் தீர்மானம் நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்க வேண்டும். பதிவைப் புதுப்பிக்காத சங்கமா என்று எதிர்த்தரப்பு முதலில் பார்க்கும். கிராம ஊராட்சியில் இருந்தால் கிராம சபைத் தீர்மானம் போடலாம். அது கட்டுமானத்தை நிறுத்தாது, ஆனால் ரிட்டில் நல்ல இணைப்பு.

இடைக்காலத் தடை கிடைத்ததும் பட்டாசு வெடித்துவிட்டுக் குழு கலைந்துவிடுகிறது. ராத்திரி லாரி அதற்கப்புறம்தான் வரும். உத்தரவின் சான்றிட்ட நகலை உள்ளூர்க் காவல் நிலையம், தாசில்தார், சிஎம்டிஏ அமலாக்கப் பிரிவு மூன்றுக்கும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். லாரி வந்தால் நேரம், பதிவெண், கொட்டிய இடம் மூன்றையும் எழுதி, மறுநாள் காலை பத்து மணிக்குள் வக்கீலிடம் சேர்த்துவிடுங்கள்.