கிராமத்தைச் சுற்றி ஓடத் தடம் அமைப்பது எப்படி? இரும்பையின் செம்மண் பாதைகளை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

கிராமத்தில் புதிதாக ஓடத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர், ஊரைச் சுற்றிலும் வண்டிப்பாதையும் ஏரிக்கரையும் தோப்புகளும் இருந்தும், தார்ச்சாலையின் ஓரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். வழி தவறாது, நாய் துரத்தினால் ஆள் இருப்பார்கள் என்பவை அதற்கான காரணங்கள். ஆனால், டிப்பர் லாரிகள் பறக்கும் ஒரு குறுகிய சாலையில் விடியும் முன்னர் ஓடுவதைவிட, முன்கூட்டியே பார்த்து வைத்த ஒரு மண்பாதையில் ஓடுவது பாதுகாப்பானது. காலுக்கும் அது இதமானது. அப்படி ஒரு தடத்தை அமைக்கும் முறையை, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் ஆரோவில்லை ஒட்டியிருக்கும் இரும்பையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

இரும்பையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஏரி, கழனி, முந்திரித் தோப்பு, சவுக்குத் தோப்பு, காடு ஆகிய அனைத்தும் அங்கே சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆரோவில் 1968-இல் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டுநிலம் மழையால் அரிக்கப்பட்ட வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. பின்னர் வரப்புகள் உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, மரம் நட்டு வளர்த்த காட்டின் ஊடாகத்தான் இன்றைய ஒற்றையடிப் பாதைகள் போகின்றன. 2008-இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தான் இத்தகைய பாதைகளில்தான் நடத்தப்படுகிறது. உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் செய்முறை பெரிதாக மாறாது.

முதற்படி: படத்தில் தேடுங்கள்

கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் காட்சியைத் திறந்து உங்கள் ஊரைப் பெரிதாக்கிப் பாருங்கள். செம்மண் நிலத்தில் வண்டிப்பாதைகள் வெளிர் ஆரஞ்சுக் கோடுகளாகத் தெளிவாகத் தெரியும். ஏரிக்கரை ஒரு வளைந்த கோடாகத் தெரியும். மரங்கள் மூடிய இடங்களில் பாதை மறைந்துவிடும் என்பதால், அங்கே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள். தூரத்தை அளக்கும் வசதியைக் கொண்டு, வீட்டிலிருந்து புறப்பட்டு வீட்டுக்கே திரும்பும் இரண்டு அல்லது மூன்று வளையங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 3 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும்.

இரண்டாம் படி: பாதை யாருடையது என்று அறியுங்கள்

படத்தில் தெரியும் எல்லாப் பாதையும் பொதுப்பாதை அன்று. கொல்லைக்குள் டிராக்டர் போய்வந்து உண்டான தடமும் மேலிருந்து பார்த்தால் வண்டிப்பாதை போலவே தோன்றும். ஐயம் இருந்தால், தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து அது பட்டா நிலமா, புறம்போக்கா என்று பார்க்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டால் அதைவிட விரைவில் விடை கிடைக்கும். ஆரோவில் பக்கத்துக் காடுகள் ஒவ்வொன்றையும் பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள். படலோ கேட்டோ போட்டிருந்தால் அதைத் திறந்துகொண்டு போகாமல், உரியவரைக் கேட்டுவிட்டுப் போவதே முறை.

வனத்துறையின் காப்புக்காடு உங்கள் ஊரை ஒட்டியிருந்தால் விதி இன்னும் கடுமையானது. தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றமாகும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் உயிரிழந்ததற்குப் பிறகு, மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளும் கொண்டுவரப்பட்டன. ஆகவே காப்புக்காட்டின் எல்லைக்கல் தெரியும் இடத்தில் உங்கள் தடம் திரும்பிவிட வேண்டும். காட்டின் ஓரமாகப் போகும் ஊர்ப்பாதையே போதுமானது.

மூன்றாம் படி: ஓடுவதற்கு முன் நடந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். குறித்து வைத்த வளையத்தை ஒரு முறை மாலை வெளிச்சத்திலும், ஒரு முறை நீங்கள் ஓடப்போகும் அதே காலை நேரத்திலும் முழுவதுமாக நடந்து பாருங்கள்.

முதல் நடையில் தரையைப் பாருங்கள். காய்ந்த செம்மண் ஓட மிக நல்லது என்றாலும், அதன் மேல் உருண்டு கிடக்கும் சிறு சரளைக்கற்கள் இறக்கத்தில் காலை வழுக்கிவிடும். அதே மண் மழைக்குப் பிறகு செருப்பைப் பிடித்து இழுக்கும் சேறாகிவிடும். மழைநீர் அரித்த பள்ளங்கள் பாதையின் குறுக்கே எங்கெங்கே வருகின்றன என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சவுக்குத் தோப்பில் உதிர்ந்த சருகு மெத்தைபோல் இருக்கும். அதன் அடியில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மறைந்திருக்கக்கூடும். கோடையில் முந்திரிப் பழங்கள் விழுந்து கிடக்கும் பாதை வழுக்கும். பனை மரங்களுக்கு அடியில் கிடக்கும் மட்டையின் கருக்கு, மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணியையும் காலையும் கிழித்துவிடும். ஏரிக்கரையில் வேலிகாத்தான் முள் கிடக்காத இடமே அரிது. நெல் வயலின் வரப்பில் ஓடவே வேண்டாம். அது ஒருவர் நடப்பதற்கான அகலமே உடையது என்பதோடு, வரப்பு உடைந்தால் அடுத்தவருடைய தண்ணீர் வடிந்துவிடும்.

இரண்டாவது நடையில் மனிதர்களைப் பாருங்கள். ஆடு ஓட்டிச் செல்பவர், பால் ஊற்றப் போகிறவர், மோட்டார் போடப் போகிறவர் ஆகியோர் எந்த நேரத்தில் எந்தப் பாதையில் வருகிறார்கள் என்பது தெரிந்துவிட்டால், உங்கள் தடத்தில் ஆள் நடமாட்டமுள்ள பகுதி எது, இல்லாத பகுதி எது என்பதும் தெரிந்துவிடும். அவர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். தினமும் இந்தப் பக்கம் ஓடப்போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டால், "யாரு வீட்டுப் பிள்ளை, எதுக்கு இப்படி ஓடுது?" என்ற கேள்வி ஊர் முழுவதும் சுற்றுவதற்கு முன்னரே அடங்கிவிடும். பாம்புப் புற்று எங்கே, வெறிபிடித்தாற்போல் குரைக்கும் நாய் எந்தக் கொல்லையில், எந்த மதகின் மேல் கல் பெயர்ந்திருக்கிறது என்பவையெல்லாம் எந்தச் செயலியிலும் கிடைக்காமல் இவர்களிடம்தான் கிடைக்கும்.

சொல்லக் கூச்சமான ஒன்றும் உண்டு. பல ஊர்களில் விடியும் முன்னர் ஏரிக்கரையின் சில பகுதிகளைப் பெண்கள் காலைக்கடனுக்காகப் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பகுதி, எந்த நேரம் என்று வீட்டிலுள்ள பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நேரத்தில் ஆண்கள் அந்தப் பக்கம் ஓடாமல் இருக்க வேண்டும்.

நான்காம் படி: வளையங்களை ஒரே இடத்தில் சந்திக்கவிடுங்கள்

ஒரே நீண்ட தடத்தைவிட, கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ சந்திக்கும் இரண்டு சிறு வளையங்கள் புதியவருக்கு நல்லவை. களைத்துவிட்டால் முதல் வளையத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தெம்பு இருந்தால் இரண்டாவதையும் ஓடலாம். இரும்பையில் மாகாளேசுவரர் கோயிலை அந்தச் சந்திப்பாகக் கொண்டு, ஏரிப் பக்கம் ஒரு வளையமும் தோப்புகளின் பக்கம் ஒரு வளையமும் அமைத்துக்கொள்ளலாம். வளையத்தின் எந்த இடத்திலிருந்தும் தார்ச்சாலைக்கு வெளியேற ஒரு குறுக்குவழி இருக்க வேண்டும். அடையாளங்களையும் வரிசையாக நினைவில் வையுங்கள்: மதகு, அய்யனார் கோயில், மோட்டார் கொட்டகை, டிரான்ஸ்ஃபார்மர். அவசரத்துக்கு 108-ஐ அழைக்கும்போது, காட்டுக்குள் இருக்கிறேன் என்று சொன்னால் யாராலும் வர முடியாது. எந்த ஊர், எந்த அடையாளத்துக்கு அருகில் என்று சொன்னால் வண்டி வந்துசேரும்.

ஐந்தாம் படி: நேரத்தையும் பருவத்தையும் பொருத்துங்கள்

இப்பகுதியில் ஜூன் மாதம் ஏறத்தாழ 5.45 மணிக்கும், ஜனவரி நடுவில் ஏறத்தாழ 6.30 மணிக்கும் சூரியன் உதிக்கிறது. தரை கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வந்த பிறகே மண்பாதையில் இறங்குங்கள். கோடையில் 7 மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின்போது ஏரிக்கரையும் ஓடையைக் கடக்கும் பகுதியும் ஓட்டத்துக்கு உதவா. அந்த மாதங்களுக்கெனச் சரளை போட்ட பாதையில் மட்டும் போகும் மாற்று வளையம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு மிக ஏற்ற காலம் ஜனவரியும் பிப்ரவரியும்.

ஆறாம் படி: ஓடுங்கள்

முதல் வாரங்களில் 1 நிமிடம் மெதுவோட்டம், 2 நிமிடம் நடை என மாற்றி மாற்றிச் செய்து, வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் ஓடுங்கள். ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிச் சொல் உடைந்தால் வேகம் அதிகம் என்று பொருள். மண்பாதையில் தார்ச்சாலை வேகம் வராது, வரவும் வேண்டாம். அடியைச் சிறிதாக வைத்து, கண்ணை நான்கைந்து அடிக்கு முன்னால் பதித்து ஓடுங்கள். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடுவதை இந்தப் பாதைகளில் நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் வரும் டிராக்டரும் முன்னால் சரசரக்கும் சருகும் கேட்க வேண்டும்.

ஏழாம் படி: நாய், பாம்பு, மின்வேலி

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதன் பக்கம் திரும்பி, மெல்லப் பின்வாங்குங்கள். பெரும்பாலும் அது தன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். கடித்துவிட்டால், கீறல் சிறிதாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ, கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்வதே மருத்துவம்.

இவற்றைவிட நான் அஞ்சுவது மின்வேலியை. காட்டுப்பன்றியைத் தடுப்பதற்காகச் சிலர் கொல்லைகளில் சட்டவிரோதமாக இரவில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மெல்லிய கம்பி இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் இதில் சிக்கி மனிதர்களும் யானைகளும் இறந்திருக்கிறார்கள். எனவே எவ்வளவு தெரிந்த இடமானாலும், இருட்டில் கொல்லைக்குள் புகுந்து குறுக்குவழியில் போகக் கூடாது.

எட்டாம் படி: பதிந்து வையுங்கள்

ஸ்ட்ராவா போன்ற செயலியில் தடத்தைப் பதிந்தால் தூரமும் நேரமும் தாமாகக் கிடைக்கும். வீட்டின் அமைவிடம் பிறருக்குத் தெரியாதபடி தனியுரிமை அமைப்பை முதலிலேயே மாற்றிவிடுங்கள். தனியாக ஓடும் பெண்கள் ஓட்டத்தை வெளியிடாமல் தமக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. புறப்படும்போது எந்த வளையம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மழைக்காலம் முடிந்ததும், பழகிய வளையமானாலும் அதை மீண்டும் ஒருமுறை நடந்து பார்த்த பிறகே ஓடத் தொடங்குங்கள். அரித்த பள்ளங்கள் இடம் மாறியிருக்கும்.